வியர்வையின் கணிதம்

புளியங்குடியில் வெயில் சாயுமுன்பே கபடிக்கு இறங்கிவிடும் வாலிபர்களின் பாலியெஸ்டர் ஜெர்சி சற்று நேரத்தில் முதுகோடு ஒட்டிக்கொள்வதையும், அவுட்டாகி ஓரத்தில் நிற்பவர் அதன் மார்புப் பக்கத்தை இரண்டு விரலால் பற்றி விட்டுவிட்டு இழுத்து உள்ளே காற்றை வரவழைப்பதையும் பார்த்தவர்கள், ஓர் ஆடையின் சுகம் துணியில் மாத்திரம் இல்லை, தேகம், துணி, காற்று என்னும் மூன்றின் சம்பந்தத்தில் இருக்கிறது என்பதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள்.

அந்தச் சம்பந்தத்தைத் துணி வெட்டுவதற்கு முன்னரே எண்களால் அறியும் உபாயமாக இன்று கணினி பயன்படுகிறது. சும்மா அமர்ந்திருப்பவரின் சரீரம் ஏறத்தாழ 100 வாட் உஷ்ணத்தை வெளியிடுகிறதென்றால், முழு வேகத்தில் ஓடுபவரின் சரீரத்தில் அது பத்து மடங்கு வரை ஏறுகிறது. அதைப் போக்கும் பிரதான மார்க்கம் வியர்வை; ஒரு கிராம் வியர்வை ஆவியாகையில் சுமார் 2,400 ஜூல் உஷ்ணத்தைக் கொண்டுபோகிறது. சொட்டி வீழும் வியர்வையால் அந்த உபகாரம் இல்லை.

நாசாவுக்காக ஸ்டால்விக் என்னும் விஞ்ஞானி 1971இல் அமைத்த மாதிரி, மனித தேகத்தைத் தலை, உடல், புயம், கை, கால், பாதம் என ஆறாக வகுத்து, ஒவ்வொன்றிலும் உள்ளகம், தசை, கொழுப்பு, தோல் என நான்கு அடுக்குகளைக் கண்டு, சுற்றியோடும் இரத்தத்தையும் சேர்த்து 25 ஸ்தானங்களில் உஷ்ணத்தைக் கணக்கிட்டது. இத்தகைய மாதிரிக்கு ஆடையையும் அணிவித்துப் பார்க்க வேண்டுமானால், 35 டிகிரியில் வைத்த ஈரத் தகட்டின்மேல் துணியை விரித்து, அது நீராவியை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து, அந்த எண்ணைக் கணினிக்குக் கொடுக்க வேண்டும்.

காற்றின் எண்ணும் அதே அளவு முக்கியம். தோலும் காற்றும் ஒன்றுபோல் 34 டிகிரியில் இருக்கும்போது, ஈரப்பதம் 40 சதவீதத்திலிருந்து 80 ஆனால், ஆவியை வெளியே இழுக்கும் விசை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே மலையடிவாரத்து வறண்ட காற்றில் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஜெர்சி, சென்னைக் கடற்கரையில் அதே ஆட்டக்காரரைத் திணறடிக்கலாம். திருப்பூரில் நம்மவருக்கென்று பின்னப்படும் ஆடைக்கு நம் ஊர்க் காற்றையே வைத்துக் கணக்கிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கணினிக்குக் கடினமாக இருப்பது தோலுக்கும் துணிக்கும் இடையிலுள்ள மெல்லிய காற்றுப் படலம். ரெய்டு போகிறவர் குனிந்து, திரும்பி, உருளும் ஒவ்வொரு கணமும் அதன் கனம் மாறுகிறது. ஆதலால் கணக்கு முடிந்த பிறகும், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஆளையும் ஜெர்சியையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கிறார்கள். இடையில் நீர் அருந்தாத ஆளின் எடைக் குறைவு ஏறக்குறைய மொத்த வியர்வை, ஜெர்சியின் எடைக் கூடுதல் துணியில் தங்கிவிட்ட வியர்வை.