உங்களுக்குத் தெரியுமா? கத்தியைக் காட்டினாலே 7 ஆண்டு!

இந்தியாவில் வயதுவந்த ஒருவர் மீது கொலைக்குற்றம் உறுதியானால், ஆயுள் தண்டனைக்குக் குறைவாக எதையும் விதிக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. ஆயுள் அல்லது தூக்கு, இரண்டே வழிதான்.

கொள்ளையிலும் இப்படி ஒரு கட்டாயம் உண்டு: கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 ஆண்டு சிறை. 'குத்தவே இல்லையே, சும்மா காட்டத்தானே செய்தேன்' என்று வாதாடிப் பயனில்லை. எதிரில் இருப்பவர் மிரளும்படி கையில் வைத்திருந்தாலே போதும் என்று, டில்லி பெட்ரோல் பங்க் கொள்ளை வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இந்த 7 ஆண்டுக் கட்டாயம் ஆயுதம் ஏந்தியவருக்கு மட்டுமே. வெறுங்கையோடு கூட வந்த கூட்டாளிக்கும் கொள்ளைக்கான தண்டனை உண்டு. எத்தனை ஆண்டு என்பது நீதிபதியின் முடிவு.

ஆனால் எல்லாக் கட்டாயமும் நிலைக்கவில்லை: ஆயுள் கைதி கொலை செய்தால் தூக்கு மட்டுமே என்றிருந்த, இந்திய தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவை 1983இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சூழ்நிலையைப் பார்க்கவே விடாத சட்டம் அது, போனது நல்லதுதான்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் கொலைக்கும் ஆயுதக் கொள்ளைக்கும் அதே குறைந்தபட்சத் தண்டனைதான். பிரிவு எண்கள்தான் மாறின: கொலைக்கான 302 இப்போது 103, ஆயுதக் கொள்ளைக்கான 397 இப்போது 311.