ஆறு வாரக் கட்டில்

1961-இல் என் தாத்தாவுக்கு மாரடைப்பு வந்தபோது டாக்டர் சொன்ன முதல் வைத்தியம், அசையாமல் படுத்திருப்பது. ஆறு வாரம். தானாகப் புரண்டு படுக்கக்கூட அவருக்கு அனுமதியில்லை. கஞ்சியைப் பாட்டி ஊட்டினாள். முகச்சவரம் வேறொருவர் செய்துவிட்டார். மற்றதெல்லாம் கட்டிலிலேயே. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கெண்டைக்கால் இரண்டும் சூம்பிப் போயிருந்தனவாம். அப்போது அவருக்கு வயது 49. அதன்பின் பதினான்கு ஆண்டுகள் இருந்தார். எனக்கு நினைவிருக்கும் தாத்தா, திண்ணைச் சாய்வு நாற்காலியில் இருப்பவர்தான். அரை மைல் தள்ளியிருந்த தன் வயலை அவர் மறுபடி பார்க்கவேயில்லை.

அந்த டாக்டரிடம் தவறில்லை. அன்று உலகின் பெரும்பாலான இடங்களில் அதுதான் பாடம். அடைப்பால் செத்துப்போன இதயத் தசை தழும்பாகி இறுக ஏறக்குறைய ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் உடம்பு அலுங்கினால் இதயம் கிழிந்துவிடும் என்று பயந்தார்கள். படுத்தே கிடந்தவர்களுக்குக் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறி உயிரைக் குடித்ததும் உண்டு.

பாஸ்டனில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்ற இரு டாக்டர்கள் இந்தப் படுக்கை வைத்தியத்தை மாற்றிப் பார்த்தார்கள். மாரடைப்பு வந்த 81 பேரை ஆரம்ப நாட்களிலேயே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உட்காரவைத்ததற்கே அவர்களது ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர்கள் கடுமையாக எதிர்த்தார்களாம். பயந்தபடி கெடுதல் எதுவும் வரவில்லை. நோயாளிகளின் முகத்தில் தெளிவு வந்தது. முடிவை 1952-இல் வெளியிட்டார்கள். தாத்தா படுத்ததற்கு ஒன்பது ஆண்டு முன்பே. அந்தச் செய்தி எங்கள் ஊர்க் கட்டிலுக்கு வந்துசேரவில்லை.

படுக்கை என்ன செய்யும் என்பதை அளந்தே காட்டியது டாலஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு. 1966-இல், நோய் நொடியில்லாத இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கவைத்தார்கள். உழைப்பின்போது உடம்பு பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும் திறன் கால்பங்குக்கு மேல் சரிந்துவிட்டது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரை அழைத்து மீண்டும் அளந்தார்கள். முப்பது வருட முதுமை பறித்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை பறித்தது அதிகம். இதைப் படித்த அன்று வெகுநேரம் எனக்குத் தாத்தாவின் கால்களே நினைவில் நின்றன.

அவர் இறந்தது 1975-இல். அதே ஆண்டு பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் பைபாஸ் அறுவை சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்தார். இந்தியாவில் அதுவே முதல்.

2022-இல் அதே பைபாஸ் எனக்கு. இரண்டாம் நாள் நாற்காலி, மூன்றாம் நாள் வராந்தாவில் நடை, ஏழாம் நாள் வீடு. பார்க்க வந்த அத்தைக்கு, தாத்தாவின் 83 வயது மகளுக்கு, மனசே ஆறவில்லை. "ஏண்டா, எங்கப்பா ஆறு வாரம் புரளாம கிடந்தாரே. உன்னை ஒரே வாரத்துல எழுப்பி அனுப்பிட்டாங்களே?" என்று அழுதாள்.

இங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. ஆஸ்பத்திரி மாறிவிட்டது, வீடு மாறவில்லை. தண்ணீர் எடுக்க எழுந்தால் மூன்று பேர் ஓடிவந்தார்கள். ஆஸ்பத்திரியில் நடந்த நான் வீட்டில் பத்து நாள் படுத்தேன். அவர்களையும் குறை சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் காகிதத்தில் மாத்திரைக்கு ஒரு பக்கம் முழுக்க இருந்தது. நடைக்கு ஒரே வரி, 'படிப்படியாக நடக்கவும்'. எந்தப் படி, எத்தனை படி என்று ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

பிசியோதெரபி செய்யும் பெண் ஒருவர் வீட்டுக்கு வந்து என் மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். அறுத்த நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அது ஒன்றுசேர இரண்டு மூன்று மாதமாகும். அதுவரை தண்ணீர்க் குடம், சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் தூக்கக் கூடாது. பைக் கூடாது. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். "ஆனா சவரம் பண்றது, காய் நறுக்குறது, துணி மடிக்கிறது எல்லாம் அவரே செய்யட்டும்மா. பேசிக்கிட்டே நடக்க முடியணும் சார். பேச்சு நின்னா நீங்களும் நின்னுடுங்க."

எங்கள் தெருவில் விளக்குக் கம்பங்களை எண்ணினேன். முதல் நாள் ஒரு கம்பம். இரண்டாம் வாரம் நான்கு. சில மாலைகளில் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. இதய அறுவைக்குப் பின் பலருக்கும் இப்படி மனம் தளரும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வீட்டில் பயம் தணிந்தது. அழுகை வந்த நாட்களில் இரண்டு கம்பத்தோடு திரும்பிவிடுவேன். ஆறாவது வாரம், தாத்தா கட்டிலைவிட்டு இறங்கிய அதே கணக்கில், பால் பூத்துக்குப் போய் அரை லிட்டர் பாக்கெட்டை நானே வாங்கி வந்தேன்.

அறுவை முடிந்து வந்தவரைப் பார்க்க நீங்கள் போகும்போது, பழத்தைக் கொடுத்துவிட்டுக் கட்டிலருகே ஒரு மணி நேரம் உட்காராதீர்கள். எவ்வளவு நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் எனக் கேளுங்கள். அவர் செருப்பை எடுத்து முன்னால் வையுங்கள். அந்தத் தூரம் வரை பேசிக்கொண்டே அவரோடு நடந்துவிட்டு வாருங்கள்.