கையுறையா, பாலிஎத்திலீனா?

குடிநீரில் நுண்நெகிழி, குருதியில் நுண்நெகிழி என்று அடிக்கடி வெளிவரும் செய்திகளில் துகள்களின் எண்ணிக்கை தலைப்பாகிறதே ஒழிய, கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நெகிழிதான் என்பதை எப்படிக் கண்டறிந்தார்கள் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. அதைக் கண்டறியப் பெரிதும் பயன்படுபவை அகச்சிவப்பு நிறமாலையியல், ராமன் நிறமாலையியல் என்னும் இரு முறைகள். அவை பொருளின் பெயரைச் சொல்வதில்லை, அதிலுள்ள பிணைப்புகள் அதிரும் விதத்தை மட்டுமே பதிவு செய்கின்றன.

அதிர்வின்போது மூலக்கூறில் மின்னூட்டம் பரவியிருக்கும் சமநிலை மாறுமானால் அகச்சிவப்புக் கதிர் உட்கவரப்படும். எலக்ட்ரான் மேகம் வளைந்துகொடுக்கும் அளவு, அதாவது முனைவாகுதிறன், மாறுமானால் சிதறும் லேசர் ஒளியில் சிறு நிறப்பெயர்ச்சி ஏற்படும். ஆகவே கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு அகச்சிவப்பு முறையிலும், பாலிமரின் முதுகெலும்பான கார்பன்-கார்பன் பிணைப்பு ராமன் முறையிலும் தெளிவாகத் தெரிகின்றன.

பால் பாக்கெட்டின் பாலிஎத்திலீன் படலத்தை அகச்சிவப்புக் கருவியில் வைத்தால், அலை எண் 720-க்கும் 730-க்கும் அருகே (அலை எண் என்பது ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) ஒட்டிப்பிறந்தவை போல இரண்டு முகடுகள் எழுகின்றன. இரண்டுமே சங்கிலியின் சிஎச்2 தொகுதிகள் பக்கவாட்டில் அசையும் ஒரே அசைவுக்கு உரியவை. படிகப் பகுதியில் சங்கிலிகள் நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதால், ஒரே ஆலமரக் கிளையில் கட்டிய இரு ஊஞ்சல்கள் சேர்ந்து ஆடும்போது ஒரு வேகமும் எதிரெதிராக ஆடும்போது சற்றே வேறொரு வேகமும் கொள்வதுபோல, அடுத்தடுத்த சங்கிலிகளின் அசைவும் இரண்டாகப் பிரிகிறது. உவமையை இன்னும் இழுத்தால், ஆலமரமே இளகி ஒழுகும்போது பிள்ளைகள் ஒருவர் ஆட்டத்தை ஒருவர் உணராமல் தனித்தனியே ஆடுவார்கள். அத்தகைய ஆலமரம் எங்கும் இல்லையென்றாலும், படலம் உருகும்போது 730 முகடு மறைந்து ஒற்றை முகடே எஞ்சுவது உண்மை. படலத்தில் எவ்வளவு பகுதி ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளது என்பதை, அதை வெட்டாமல் கரைக்காமல், இம்முகடுகளின் விகிதத்தைக் கொண்டே மதிப்பிட முடிகிறது.

வரலாறு சொல்லியே ஆகவேண்டுமெனில், அகச்சிவப்புக் கதிரை வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தது 1800-இல், கொல்கத்தாவில் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் சிதறல் ஒளியில் புதிய கோடுகளைக் கண்டது 1928-இல். ஆண்டுதோறும் தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28-இல் சொல்லப்படும் ராமனின் கதையில், 1960-இல் லேசர் வந்த பிறகே ராமன் முறை ஆய்வகங்களில் பரவலாயிற்று என்பது பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

இம்முறைகள் பொருளின் பெயரையன்றி அதிர்வை மட்டுமே பதிவு செய்வதிலேயே நுண்நெகிழிச் செய்திகளை ஐயத்தோடு அணுகவும் காரணம் இருக்கிறது. அளக்கப்பட்ட நிறமாலையை, அறிந்த பொருள்களின் நிறமாலைகள் அடங்கிய ஒரு நூலகத்தோடு ஒப்பிட்டு ஒற்றுமையைச் சதவீதமாகக் கணினி தருகிறது. ஆய்வக ரப்பர் கையுறைகள் அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகப் பூசப்படும் ஸ்டியரேட் உப்பு, 18 கார்பன் கொண்ட சங்கிலியாதலால் பாலிஎத்திலீனை ஒத்தே அதிர்கிறது. கையுறையிலிருந்து உதிரும் இந்த உப்பே நெகிழியாக எண்ணப்படக்கூடும் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உப்பின் கார்பாக்சிலேட் முனை அகச்சிவப்பில் 1540-க்கும் 1580-க்கும் இடையே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றாலும், ராமனில் அது மங்கலாகவே தெரியும். நூலகத்தில் ஸ்டியரேட் சேர்க்கப்படாத கருவிக்கு மிக நெருங்கிய விடை பாலிஎத்திலீன்தான்.