கல்கண்டாய் உதிரும் கண்ணாடி!

பழைய காரின் பக்கக் கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை மாலை. தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஒரு வீட்டு வாசலில் பழைய அம்பாசிடர் கார் நிற்கிறது. தாத்தா ஒரு பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே துடைக்கிறார். பின் ஆசனத்தில் ஆறு வயதுப் பேத்தி பொம்மையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"டமார்!"

கார்க் பந்து பறந்து வந்து, மூடியிருந்த பின் கதவுக் கண்ணாடியில் மோதியது. ஒரே நொடிதான். கண்ணாடி முழுவதும் பொலபொலவென்று உதிர்ந்தது. பேத்தியின் தலையிலும் மடியிலும் கண்ணாடித் துண்டுகள்!

வீட்டில் இருந்தவர்கள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். பையன்கள் ஓடி மறைந்தார்கள். தாத்தா பேத்தியைத் தூக்கி, தலையை மெல்ல உதறிப் பார்த்தார். கையில் ஒரு சிறு கீறல். அவ்வளவுதான்!

இது கற்பனைக் காட்சி. ஆனால், கார் உள்ள எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது.

இவ்வளவு கண்ணாடி மேலே கொட்டியும் குழந்தை தப்பியது எப்படி? அந்தக் கண்ணாடிக்குப் பதிலாக எந்தக் கண்ணாடியைப் போட வேண்டும்? எதைப் போடவே கூடாது? கார் வைத்திருப்போர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

நெருப்பும் காற்றும்

வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தால் எப்படி இருக்கும்? கத்தி போல நீள நீளத் துண்டுகளாகப் பிளக்கும். கையில் பட்டால் ஆழமாக வெட்டும்.

காரின் பக்கக் கண்ணாடி அப்படி அல்ல. உடைந்தால் கல்கண்டு போலச் சிறு சிறு கட்டிகளாக உதிரும். அந்தக் கட்டிகளிலும் கூர்மை உண்டு. கண்ணில் பட்டால் ஆபத்துதான். ஆனாலும், கழுத்தையோ கையையோ ஆழமாக வெட்டும் நீண்ட துண்டுகள் அதில் பெரும்பாலும் வராது.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது? உலையில்தான் வந்தது.

கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்குகிறார்கள். பிறகு, இரு பக்கமும் குளிர்ந்த காற்றை வேகமாகப் பாய்ச்சுகிறார்கள். மேல்பரப்பு உடனே குளிர்ந்து இறுகி விடுகிறது. உள்பகுதி மெதுவாகத்தான் குளிர்கிறது. குளிரும்போது அது சுருங்கப் பார்க்கிறது. ஆனால், மேல்பரப்பு ஏற்கெனவே இறுகி விட்டதே! ஆகவே, உள்பகுதி மேல்பரப்பை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது.

மேலே அழுத்தம், உள்ளே இழுவிசை. இந்த இரண்டும் சமமாக இருக்கும்வரை கண்ணாடி மிக உறுதியாக இருக்கும். சாதாரணக் கண்ணாடியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு பலம் உண்டு.

ஆனால், ஓர் இடத்தில் கீறல் உள்வரை போய்விட்டால் தீர்ந்தது! அடைபட்டிருந்த விசை முழுவதும் ஒரே நேரத்தில் விடுபடுகிறது. கண்ணாடி முழுவதும் நொறுங்குகிறது.

இதற்கு 'டெம்பர்டு' கண்ணாடி என்று பெயர். 'டஃபன்டு' என்றும் சொல்வார்கள்.

இளவரசரின் கண்ணாடித் துளி

இந்த அதிசயத்தை மக்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்கிறார்கள்.

1660-ம் ஆண்டில் ரூபர்ட் என்ற இளவரசர், ஒரு வகைக் கண்ணாடித் துளிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்ட விட்டால் அந்தத் துளி உருவாகும். தலை உருண்டையாக இருக்கும். வால் நீண்டு மெலிந்திருக்கும்.

துளியின் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. ஆனால், வாலின் நுனியை லேசாகக் கிள்ளினால் போதும். துளி முழுவதும் வெடித்துத் தூளாகிவிடும்! இரண்டாம் சார்லஸ் மன்னர் அதை லண்டன் ராயல் சொசைட்டி அறிஞர்களிடம் கொடுத்து ஆராயச் சொன்னார்.

அன்று அரண்மனையில் வேடிக்கையாக இருந்த விஷயம், இன்று காரில் பிரயாணம் செய்யும் குழந்தையைக் காக்கிறது.

முன் கண்ணாடி வேறு!

காரின் முன் கண்ணாடி இந்த வகை அல்ல. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டிச் செய்வது அது. 'லாமினேட்டட்' கண்ணாடி என்பார்கள். அடிபட்டால் சிலந்தி வலை போல விரிசல் விடும். ஆனால், உதிராது.

இதைக் கண்டுபிடித்தவர் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரர். 1903-ல் அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்ததாம். விரிசல் விட்டதே தவிர, துண்டுகள் சிதறவில்லை. உள்ளே இருந்த ஒருவகைத் திரவம் காய்ந்து, மெல்லிய தோல் போலப் படிந்திருந்ததுதான் காரணம். அதை வைத்தே அவர் பாதுகாப்புக் கண்ணாடியை உருவாக்கி, 1909-ல் காப்புரிமை பெற்றார்.

முன்னால் இருப்பது உதிராமல் காக்கிறது. பக்கத்தில் இருப்பது உதிர்ந்து காக்கிறது. வெள்ளத்திலோ விபத்திலோ கதவு திறக்காமல் போனால், பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் கூர்மையான சுத்தியலால் அடித்து உடைத்து வெளியே வரலாம். இந்நாளில் சில புதிய கார்களில் பக்கத்திலும் லாமினேட்டட் கண்ணாடி வருகிறது. பழைய கார்களில் பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடிதான்.

"ஜன்னல் கண்ணாடி போதாதா?"

இனி, நம் தாத்தாவிடம் வருவோம்.

பழைய கார்களுக்குக் கண்ணாடி கிடைப்பது சுலபம் அல்ல. அம்பாசிடர் கார் 1957-ல் இருந்து மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தரபாராவில் தயாரானது. 2014-ல் அந்த உற்பத்தி நின்றுவிட்டது. பம்பாயில் தயாரான பிரிமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை அதற்கும் முன்பே நின்றுவிட்டன.

தாத்தா பழக்கமான மெக்கானிக்கிடம் போனார். கூடவே பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார்.

"பெரியவரே, எதற்கு அலைகிறீர்கள்? ஜன்னலுக்குப் போடும் கண்ணாடியை அளவாக வெட்டி மாட்டினால் போகிறது. செலவும் குறைவு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

தாத்தா மெக்கானிக்கைப் பார்த்தார்.

"ஐயா, நீங்கள் சொன்னால்கூட நான் அதை மாட்ட மாட்டேன்" என்றார் மெக்கானிக். "நேற்று பாப்பா மேலே கொட்டியது அந்தக் கண்ணாடியாக இருந்திருந்தால், இன்று நீங்கள் என்னிடமா வந்திருப்பீர்கள்? ஆஸ்பத்திரியில் அல்லவா இருந்திருப்பீர்கள்!"

தாத்தா மறுபேச்சுப் பேசவில்லை.

மெக்கானிக் சொன்னதுதான் சட்டமும். மோட்டார் வாகன விதிப்படி, காரின் கண்ணாடிகள் பாதுகாப்புக் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

முதலில், கண்ணாடியின் மூலையைப் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடியில் அழியாத முத்திரை இருக்கும். இந்தியாவில் இதற்கான தர எண், ஐ.எஸ். 2553. முத்திரை இல்லாத கண்ணாடியை நம்பி வாங்க வேண்டாம்.

இரண்டாவது, டெம்பர்டு கண்ணாடியை வெட்ட முடியாது. துளை போடவும் முடியாது. முயன்றால் நொறுங்கிவிடும். ஆகவே, "பெரிதாக வாங்கிச் சின்னதாக வெட்டிக்கொள்ளலாம்" என்பது நடக்காது. கச்சிதமான அளவிலேயே கிடைக்க வேண்டும்.

எங்கே தேடுவது? சென்னை என்றால் புதுப்பேட்டை. பழைய வாகனச் சாமான்களுக்குப் பெயர் பெற்ற இடம் அது. ஒரே மாதிரிக் காரின் கதவில் இருந்து கழற்றிய கண்ணாடி, ஓரம் சிதையாமல் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

அதுவும் கிடைக்காவிட்டால் இன்னொரு வழி உண்டு. பழைய கார்களின் கதவுக் கண்ணாடி பெரும்பாலும் தட்டையானது. எதிர்ப்பக்கக் கதவின் கண்ணாடியைக் கழற்றி, அட்டையில் வைத்து வரைந்து வெட்டிக்கொள்ள வேண்டும். அட்டையைத் திருப்பிப் போட்டால், உடைந்த பக்கத்துக்கு அளவு தயார்! அந்த அளவில் சாதாரணக் கண்ணாடியை வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, அதன் பிறகு உலையில் கொடுத்து டெம்பர் செய்து வாங்க வேண்டும். கனமும் பழைய கண்ணாடியின் கனமே இருக்க வேண்டும்.

முதல் வேலை, சுத்தம்!

கண்ணாடி உடைந்ததும் குழந்தைகளைத் தூர அனுப்பிவிடுங்கள். கையுறை போடுங்கள். கண்ணுக்கும் கண்ணாடி அணியுங்கள். வெறுங்காலோடு போகாதீர்கள்.

ஆசனத்தின் இடுக்கு, கால்மிதியின் அடி எங்கும் துண்டுகள் பதுங்கியிருக்கும். துணியால் துடைத்தால் துண்டுகள் துணியில் ஏறிக் கையைக் குத்தும். வாக்குவம் இயந்திரத்தால் உறிஞ்சி எடுப்பதே நல்லது. கதவின் வயிற்றுக்குள்ளும் ஒரு குவியல் விழுந்திருக்கும். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்!

புதுக் கண்ணாடி வரும்வரை, பிளாஸ்டிக் தாளால் ஜன்னலை மூடி வையுங்கள். மழைத் தண்ணீர் ஆசனத்தை நனைக்காது.

கதவுக்குள் என்ன இருக்கிறது?

கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியை முதலில் கழற்ற வேண்டும். சில கார்களில் அதைத் திருகாணி பிடித்திருக்கும். சிலவற்றில் சிறிய கம்பிக் கிளிப் இருக்கும். பிறகு, டோர் பேடை ஓரம் ஓரமாக நெம்பி எடுக்க வேண்டும்.

அதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாளோ, மெழுகுத் தாளோ ஒட்டியிருக்கும். "இது எதற்கு?" என்று கிழித்து எறிந்துவிடாதீர்கள். மழை பெய்யும்போது, கண்ணாடி வழியாகக் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக அது வெளியே போகும். அந்தத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான்.

கண்ணாடித் துண்டுகள் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால், தண்ணீர் தேங்கிக் கதவு துருப்பிடிக்கும். ஆகவே, துளைகளைக் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும்.

கதவுக்குள்ளே பல்சக்கரமும் கைகளும் கொண்ட ஓர் அமைப்பு இருக்கும். இதுதான் 'ரெகுலேட்டர்'. கண்ணாடியின் அடி ஓரம் ஓர் இரும்புச் சேனலில் ரப்பரோடு இறுகி உட்கார்ந்திருக்கும். ரெகுலேட்டர் அந்தச் சேனலைத் தூக்கும். கண்ணாடி மேலே போகும்.

மாட்டும் விதம்

பழைய துண்டுகளையும் ரப்பரையும் சேனலில் இருந்து எடுத்துவிட வேண்டும். புது ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து வைத்து, கண்ணாடியைச் சேனலில் அழுத்த வேண்டும். பழையது இருந்த அதே இடத்தில் புதியதும் உட்கார வேண்டும். தள்ளி உட்கார்ந்தால், கண்ணாடி கோணலாக ஏறும்.

ஒன்றை மறக்கக் கூடாது. டெம்பர்டு கண்ணாடியின் பலவீனம் அதன் ஓரத்தில்தான் இருக்கிறது. சிமெண்டுத் தரையில் மூலை படும்படி வைத்தாலே நொறுங்கிவிடலாம். கம்பளியின் மேல் வைக்க வேண்டும்.

பிறகு, கண்ணாடியைச் சற்றுச் சாய்த்து, மேலிருந்து கதவுக்குள் இறக்க வேண்டும். இரு பக்கத்துச் சேனல்களுக்குள் அது சரியாக நுழைய வேண்டும். அதன் பின், ரெகுலேட்டரோடு இணைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் மூடுவதற்கு முன், கைப்பிடியை மாட்டி மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். எங்கேயாவது பிடித்தால் பலவந்தம் கூடாது! திருகாணிகளைத் தளர்த்திச் சரி செய்ய வேண்டும். பல்சக்கரத்துக்குக் கொஞ்சம் கிரீஸ் போட வேண்டும். ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருந்தால், அதையும் மாற்றிவிடுவது நல்லது.

தாத்தாவின் காருக்கும் இப்படியே எல்லாம் முடிந்தது. கார் வீட்டுக்கு வந்தது. பையன்கள் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார்கள். தாத்தா ஒன்றும் சொல்லாமல் பந்தை எடுத்துக் கொடுத்தார்.

பேத்தி புதுக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"தாத்தா, இதுவும் உடையுமா?"

"உடையும் கண்ணு. ஆனால், உன்னை வெட்டாமல் உடையும்!" என்றார் தாத்தா.