உங்களுக்குத் தெரியுமா? கோழியை அளந்து தீர்ப்புச் சொன்ன நீதிமன்றம்

ஒரு முட்டைக்கோழி நிம்மதியாக உட்கார எவ்வளவு இடம் வேண்டும்? ஜெர்மனியின் கூண்டு விதியைச் சாய்த்தது இந்த எளிய கேள்விதான்.

● 1987-இல் வந்த அந்த விதி, எடை குறைந்த கோழிக்குக் கூண்டில் 450 சதுர செ.மீ. போதும் என்றது. ஏ4 தாளின் பரப்பே சுமார் 624 சதுர செ.மீ.!

● விதியை எதிர்த்து அரசியல் சாசன நீதிமன்றத்தின் படியேறியது ஒரு மாநில அரசு: நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா.

● நீதிபதிகள் அளவுகளைப் பார்த்தார்கள். படுத்திருக்கும் கோழியின் நீளம் 47.6 செ.மீ., அகலம் 14.5 செ.மீ. பெருக்கினால் 690 சதுர செ.மீ. அப்படியானால், கூண்டிலுள்ள கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் இடிபடாமல் ஓய்வெடுக்கவே முடியாது. தீவனத் தொட்டியில் ஒரு கோழிக்கு 10 செ.மீ.தான்; எனவே சேர்ந்து இரை பொறுக்கவும் வழியில்லை.

● 1999 ஜூலை 6: விதி செல்லாது என்று தீர்ப்பு.

● 2002-இல் ஜெர்மன் அரசியல் சாசனத்திலேயே விலங்குகளின் பாதுகாப்பு இடம்பெற்றது. 2012 முதல் பழைய வகை வெற்றுக் கூண்டுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை.

● நம் நாட்டில்? உடலை அசைக்கப் போதிய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம்.

வாயில்லா ஜீவன் வழக்குத் தொடுக்காது. அதற்காக நாம்தான் பேச வேண்டும்.