பைக்கில் லாங் டூர் போறீங்களா? முதல்ல பின் டயரை பாருங்க!

சென்னையில் இருந்து கன்னியாகுமரிக்கு சுமார் 700 கி.மீ. பெரும்பாலும் நேரான நெடுஞ்சாலை. இதனால் பைக் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகி விடுகிறது. என்ஜின் இழுவை, பின்னால் உட்காருபவர், லக்கேஜ் பாரம் எல்லாம் பின் டயர் மீதுதான். அதனால் அதுதான் சீக்கிரம் தேயும்.

ஓரத்தில் பட்டன் நல்லாத்தானே இருக்குன்னு ஏமாறாதீங்க. நடுவில் தட்டையான டயர் வளைவில் சாயும்போது தடுமாறும். மழையில் வழுக்கும்.

காற்று அதிகமானால் நடுப்பகுதி தேயும். குறைந்தால் இரு ஓரமும் தேய்வதுடன், டயர் சூடாகி வெடிக்கும் அபாயமும் உண்டு. எனவே கிளம்பும் முன், டயர் சூடாகாதபோதே காற்று செக் பண்ணணும்.

பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேட்டுக்கு சமமாக பட்டன் தேய்ந்து விட்டால் டயரை உடனே மாற்றணும். வயசையும் பாருங்க. பக்கவாட்டில் 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டு 23-வது வாரம் தயாரானது!