நரம்பணு எங்கே போய் நிற்கும்?

கம்மாபுரத்திலிருந்து ஐந்தாம் மாத ஸ்கேனுக்குக் கிளம்புகிற பெண்ணின் வயிற்றில், அந்நேரம் மாபெரும் இடப்பெயர்ச்சி ஒன்று நடந்துகொண்டிருக்கும். சிசுவின் மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் பிறந்த இடத்தை விட்டுப் புறப்பட்டிருக்கும். ஸ்கேன் திரையில் அது தெரியாது.

பெருமூளைப் புறணியின் நரம்பணுக்கள் புறணியில் பிறப்பதில்லை. பெரும்பாலானவை மூளையின் உட்குழிவை ஒட்டிப் பிறந்து, அங்கிருந்து மேற்பரப்பு வரை நீண்டிருக்கும் கிளியா என்ற செல்களின் இழைகளைப் பற்றி ஏறுகின்றன. அணு முதலில் ஒரு முனையை முன்னே நீட்டும். பிறகு டைனீன் என்ற புரதம், நுண்குழல்களின் வழியே உட்கருவை இழுத்து வரும். இதற்குக் கைகொடுப்பது லிஸ்1 புரதம்.

ஏறினால் போதுமா? நிற்கவும் தெரிய வேண்டுமே. புறணியின் மேல்விளிம்பில் கஹால்-ரெட்சியஸ் செல்கள் ரீலின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. ஏறி வரும் அணுவின் மேலுறையிலுள்ள ஏற்பிகளில் ரீலின் ஒட்டியதும், உள்ளே டாப்1 புரதத்தில் பாஸ்பேட் சேர்கிறது. அணுவின் பிடிமானம் மாறுகிறது. ரீலின் 'நில்' என்கிறதா, 'இன்னும் ஏறு' என்கிறதா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை. இரண்டுமே இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நெய்வேலிச் சுரங்கத்து மண் அடுக்குகளைப் போலப் புறணியிலும் பழையது அடியில், புதியது மேலே. ஆனால் இங்கே புதியது கீழே பிறந்து, பழையதை ஊடுருவிக்கொண்டு மேலே போக வேண்டும். 1951இல் விவரிக்கப்பட்ட 'ரீலர்' சுண்டெலிகள் தள்ளாடித் தள்ளாடி நடந்தன. அவற்றின் புறணியில் அடுக்குகள் ஏறக்குறையத் தலைகீழ். ரீலின் மரபணு பழுதானதே காரணம் என்று 1995இல்தான் தெரிந்தது.

மனித மூளையில் இந்த இடப்பெயர்ச்சி நடக்கும் பருவத்தைப் பார்க்க நமக்குப் பக்கத்திலேயே ஒரு வாய்ப்பு இருக்கிறது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற முப்பரிமாண வரைபடத்தை வெளியிட்டது. கர்ப்பத்தின் இரண்டாம் மும்மாதத்தைச் சேர்ந்த 5 சிசு மூளைகளின் 5,132 மென்சீவல்களை, செல் செல்லாகப் பார்க்கும் நுணுக்கத்தில், யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

லிஸ்1 மரபணு பழுதானால் பயணம் பாதியில் நிற்கும். மூளை மடிப்பில்லாமல் வழவழப்பாக வளரும். ஐந்தாம் மாத ஸ்கேனில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். அந்த மாதத்தில் எல்லாச் சிசுக்களின் மூளையும் ஏறக்குறைய வழவழப்பாகத்தான் இருக்கும். அதனால்தான் சந்தேகம் இருந்தால் மருத்துவர்கள் சில வாரங்கள் கழித்து மறுபடி ஸ்கேனோ எம்ஆர்ஐயோ எடுக்கச் சொல்கிறார்கள்.